இன்றைய கல், நேற்றைய பறவை

பிரேசில் ராப் பாடகர் எமிசீடாவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

? யார் இந்த எமிசீடா? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா? (கோவில்பட்டி)

முடியும். இயற்பெயர் லியாண்ட்ரோ ரோக்கி டி ஒலிவெய்ரா. 1985 ஆகஸ்ட் 17இல் சாவோ பாலோ நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். படக்கதை வரைய ஆசைப்பட்டவர், ரயில் நிலைய வாசலில் பாட்டுக் கட்டி ஜெயித்தவர், கையால் செய்த குறுந்தகட்டைக் கையில் வைத்தே விற்றவர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர், லத்தீன் கிராமி வாங்கியவர். மூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது. மற்றவர்களும் கேட்கட்டும்.

? அந்தப் பெயருக்கு என்ன பொருள்? (திண்டுக்கல்)

பாட்டுப் போட்டியில் எதிராளியை வீழ்த்துகிற ராப் பாடகரை எம்.சி. என்பார்கள். போர்த்துகீசியத்தில் 'ஒமிசீடா' என்றால் கொலைகாரன். இரண்டையும் ஒட்டினால் எமிசீடா, எம்.சி.க்களைக் கொல்கிறவன். நண்பர்கள் வைத்த பட்டப்பெயர். பிறகு அதன் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லைப் பொருத்தி, கற்பனை உள்ளவரை கலையை ஆள்வேன் என்கிற மாதிரி ஒரு வாக்கியமாகவே விரித்துக்கொண்டார். மற்றவர் சூட்டிய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் தன் விருப்பத்துக்குத் திருப்பிக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த பெரிய காரியங்களுக்கும் அதே துணிச்சல்தான் உதவியது.

? அந்தப் போட்டி எப்படி நடக்கும்? (தஞ்சாவூர்)

இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். சுற்றிலும் கூட்டம். மேடை கிடையாது, எழுதி வைத்த வரி கிடையாது. ஒருவர் நின்ற இடத்தில் எதுகை பிடித்து எதிராளியைத் தாக்க, மற்றவர் அந்த வரியையே பிடித்துத் திருப்பி அடிக்க வேண்டும். யாருக்குக் கூச்சல் அதிகமோ அவர் வென்றவர். சாவோ பாலோவில் சாண்டா குரூஸ் மெட்ரோ நிலையத்தின் வாசலில் 2006 முதல் சனிக்கிழமை இரவுகளில் இது நடந்தது. அங்கே எமிசீடா தொடர்ந்து 11 முறை வென்றார். 'ரிஞ்ஞா டோஸ் எம்.சீஸ்' என்ற இன்னொரு புகழ்பெற்ற களமும் இருந்தது. ரிஞ்ஞா என்றால் சேவற்சண்டை. அதை நடத்தியவர்களில் ஒருவர் கிரியோலோ, பின்னாளில் அவரும் பெரிய பாடகரானார்.

ஒன்றைக் கவனியுங்கள். கடைசி ரயிலைப் பிடித்தாக வேண்டிய பிள்ளைகள் அவர்கள். ஊர் ஓரத்துப் பையன்கள் கட்டணமில்லாமல் ஒன்றுகூட நகரத்தில் எஞ்சியிருந்த இடம் ரயில் நிலைய வாசல். பிரேசில் ராப்பின் வரலாற்றில் மெட்ரோ நிலையங்கள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

? ராப் அமெரிக்கச் சரக்கு. பிரேசிலுக்கு அதில் என்ன உரிமை? (ஈரோடு)

தாளம் நியூயார்க்கிலிருந்து வந்தது. கோபம் உள்ளூர். 1980களில் சாவோ பாலோவின் சாவோ பென்டோ மெட்ரோ நிலையத்தில் பிரேக் நடனக்காரர்கள் கூடினார்கள். 1988இல் ரஷ்யோனாய்ஸ் எம்.சீஸ் என்ற நால்வர் குழு பிறந்தது. அதன் தலைமைக் குரல் மானோ பிரவுன். 1992 அக்டோபர் 2 அன்று அந்த நகரத்தின் கரண்டிரு சிறையில் காவல் துறை நுழைந்து 111 கைதிகளைக் கொன்றது. ஒரு கைதியின் நாட்குறிப்பாக அந்த நாளைச் சொல்லும் பாட்டு அவர்களுடைய 1997ஆம் ஆண்டு ஆல்பத்தில் இருக்கிறது. 'நரகத்தில் பிழைத்திருத்தல்' என்பது அந்த ஆல்பத்தின் பெயருக்குப் பொருள். பெரிய நிறுவனத்தின் துணை இல்லாமலேயே அது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இருபது ஆண்டு கழித்து, காம்பினாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் அதைத் தன் நுழைவுத் தேர்வுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு வேரும் உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் 'ரெபென்டே' என்று ஒரு மரபு இருக்கிறது. இரண்டு கவிராயர்கள் நரம்பிசைக் கருவியோடு உட்கார்ந்து அந்தக் கணத்தில் செய்யுள் கட்டி மோதுவார்கள். வறட்சியால் வடகிழக்கிலிருந்து சாவோ பாலோவுக்குப் பிழைக்க வந்தவர்கள் லட்சக்கணக்கானோர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ராப் போட்டி அந்நியமாகத் தோன்றியிருக்குமா என்ன?

? அவருடைய முதல் தொகுப்பின் பெயர் ரயில் பெட்டி அளவுக்கு நீளம் என்கிறார்களே? (விழுப்புரம்)

உண்மை. 'சாப்பாட்டுக்காக ஒரு நாயைக் கடித்தவனுக்கு, நான் வந்து சேர்ந்திருக்கும் தூரம் பரவாயில்லை' என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள். 2009இல் வந்தது. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கி, பாதியில் சிரிப்பு நின்றுவிடுகிற தலைப்பு. ஒரு பிள்ளையின் பசியை இதைவிடக் குறைந்த சொற்களில் யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

? இசை நிறுவனம் எதுவும் இல்லாமல் எப்படி விற்றார்? (சிவகாசி)

உங்கள் ஊருக்குப் பிடிக்கும் பதில் இது. அச்சு வேலை வீட்டிலேயே நடந்தது. 25 பாட்டுகள் கொண்ட தகடுகளை வீட்டுக் கணினியில் ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். பழுப்புக் காகிதத்தில் உறை மடித்தார்கள். ரப்பர் ஸ்டாம்பால் பெயர் குத்தினார்கள். விலை 2 ரெயால். பையில் போட்டுக்கொண்டு போய்ப் போட்டி நடக்கும் இடங்களிலும் கச்சேரி வாசல்களிலும் விற்றார்கள். ஆயிரக்கணக்கில் போயிற்று. அதே ஆண்டு தம்பி ஃபியோட்டியோடு சேர்ந்து 'லபொரட்டோரியோ ஃபான்டாஸ்மா', அதாவது பேய் ஆய்வகம், என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பாட்டு, உடை, கச்சேரி மூன்றும் ஒரே கூரையின் கீழ்.

2 ரெயால் என்பதை மலிவு என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தன் தெருப் பையன் வாங்க முடியாத விலையில் தன் தெருவைப் பற்றிய பாட்டை விற்பதில்லை என்ற முடிவு அது. 2011இல் அவர் அமெரிக்காவின் கோச்செல்லா விழா மேடையில் பாடினார். ஸ்டாம்பு குத்தி இரண்டே ஆண்டு!

? அவருடைய ஆடைகளும் புகழ்பெற்றவையாமே? (திருப்பூர்)

2016இல் சாவோ பாலோ ஃபேஷன் வீக்கில் பேய் ஆய்வகத்தின் 'லாப்' உடைகள் முதன்முறை நடைபோட்டன. கருப்பொருள் யசுகே: 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் ஓடா நொபுனாகாவிடம் பணியாற்றிய ஆப்பிரிக்கர். நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பருமனான உடல்வாகு கொண்டவர்களும் இருந்தார்கள். மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைக் கறுப்பர், கலப்பினத்தவர் என்று பதியும் நாட்டில் அதுவே செய்தியானது என்றால், அதுவரை அந்த மேடையில் யார் நடந்தார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

? சிறைக்குப் போனவரா? (சேலம்)

காவல் நிலையத்துக்குப் போனவர். 2012 மே 13, பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தின் பரெய்ரோ பகுதி. இரண்டு நாள் முன்புதான் அங்கே நிலமில்லாதவர்கள் குடிசை போட்டிருந்த இடத்தைக் காவல் துறை காலி செய்திருந்தது. எமிசீடா மேடையில் அவர்களை ஆதரித்துப் பேசிவிட்டு, குடியிருப்புகளை இடிப்பதைச் சாடும் தன் பாட்டைப் பாடினார். இறங்கி வந்ததும் அரசு ஊழியரை அவமதித்ததாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

தேதியைப் பாருங்கள். 1888இல் இதே மே 13 அன்றுதான் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக ஒழித்த நாடு அது. விடுதலையானவர்களுக்கு நிலம் எதுவும் கொடுக்கவில்லை. 124 ஆண்டு கழித்து அதே நாளில், வீட்டுக்கு நிலம் கேட்டவர்களுக்காகப் பாடிய ஒரு கறுப்பின இளைஞர் காவல் வண்டியில் ஏற்றப்பட்டார்.

? ஆப்பிரிக்காவுக்கு ஏன் போனார்? (நாகப்பட்டினம்)

2015 ஆல்பத்துக்காக அங்கோலாவுக்கும் கேப் வெர்டேவுக்கும் போனார். அந்த மண்ணின் இசைக்கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்தார். கடல் கடந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 48 லட்சம் பேரின் வழிவந்தவர்கள் இன்றைய பிரேசில் கறுப்பின மக்கள். வேறெந்த நாட்டுக்கும் அத்தனை பேர் கொண்டுபோகப்படவில்லை. அந்த ஆல்பத்தில் 'மன்டுமே' என்ற பாட்டு இருக்கிறது. மன்டுமே குவாஞமா மக்களின் அரசன், ஐரோப்பியப் படைகளுக்குப் பணியாமல் 1917இல் இறந்தவன். இதைத் தனியாகப் பாடாமல் ஐந்து இளம் ராப் கலைஞர்களை அழைத்து ஆளுக்கொரு பகுதி கொடுத்தார். எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும். எம்.சி.க்களைக் கொல்லும் பெயர் கொண்டவர், அடுத்த தலைமுறை எம்.சி.க்களுக்கு வாசல் திறந்துவிட்ட பாட்டு.

? வீட்டு வேலைப் பெண்கள் கலகம் செய்யும் காணொளி அவருடையதா? (புதுச்சேரி)

ஆமாம், 'போவா எஸ்பெரான்சா', 2015. ஒரு மாளிகையில் விருந்து. பரிமாறும் பெண்களும் சமையல்காரர்களும் அவமானம் தாங்காமல் ஒரு கட்டத்தில் வீட்டையே பிடித்துவிடுகிறார்கள். பார்த்துவிட்டு வன்முறை என்றவர்கள் உண்டு. வேலைக்காரர்களுக்கு நடந்ததைப் பார்த்தபோது அவர்களுக்கு அந்தச் சொல் நினைவுக்கு வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. பிரேசிலில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரம் 44 மணி நேரம் என்ற வரம்பே 2013இல் அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வந்தது. எமிசீடாவின் அம்மா ஜசீராவும் வீட்டு வேலை செய்தவர். அந்தக் காணொளியில் அவரும் நடித்திருக்கிறார்.

? பிரேசில் பாட்டில் நமக்குப் புரிகிற சொல் ஏதாவது வருமா? (தூத்துக்குடி)

'ஜனேலா' வரும், நம் ஜன்னல். 'ஷாவி' வரும், நம் சாவி. 'மேசா', மேசை. 'தொவால்யா', துவாலை. போர்த்துகீசியர் உங்கள் கடற்கரையில் விட்டுப் போன சொற்கள் இன்னும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அன்னாசி அதைவிட நெருக்கம். அந்தப் பெயர் பிரேசில் பழங்குடி மக்களின் துப்பி மொழியில் பிறந்து, போர்த்துகீசியர் கப்பலேறி நம்மிடம் வந்தது.

? 'அமரெலோ' என்றால் என்ன? எல்லாரும் அதையே சொல்கிறார்கள். (திருச்சி)

மஞ்சள் நிறம். ஆனால் அவர் அந்தச் சொல்லின் நடுவே ஒரு பெரிய எழுத்தைப் போட்டு இரண்டாகப் பிரித்தார். 'அமர்' நேசித்தல், 'எலோ' கண்ணி, இணைப்பு. பாவ்லோ லெமின்ஸ்கி என்ற கவிஞரின் குட்டிக் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த யோசனை.

2019 அக்டோபரில் வந்த ஆல்பம். தலைப்புப் பாட்டு பெல்கியோரின் குரலில் தொடங்குகிறது. பெல்கியோர் வடகிழக்கிலிருந்து வந்த பாடகர். ராணுவ ஆட்சிக் காலத்தில், 1976இல், அவர் பாடிய ஒரு பாட்டின் துண்டு அது. செத்துப் பிழைத்தவனின் பிடிவாதம் அதில் இருக்கிறது. அதன் மேல் எமிசீடா தன் வரிகளை அடுக்குகிறார். கூடப் பாடுபவர்கள் இருவர்: சால்வடோரைச் சேர்ந்த திருநர் பாடகர் மஜூர், பெண் வேடமிட்டுப் பாடிப் புகழ்பெற்ற பாப்லோ விட்டார். ராப் உலகம் ஆண்மை பேசும் உலகம். அதில் இந்த இருவரை நடுவில் நிறுத்துவது எளிதல்ல. என் காயத்தை வைத்து என்னை எடைபோடாதே, என்னைப் பேசவிடு என்பது அந்தப் பாட்டின் சாரம். அதை மூவரும் சேர்ந்து பாடும்போது யாருடைய காயம் பெரிது என்ற கணக்கே அங்கு எழவில்லை. எனக்கு அவருடைய பாட்டுகளில் இதுவே முதலிடம்.

அதே ஆல்பத்தில் 'இஸ்மாலியா' இருக்கிறது. 2019 ஏப்ரலில் ரியோவில் குடும்பத்தோடு காரில் போய்க்கொண்டிருந்த ஓர் இசைக்கலைஞரைக் குற்றவாளி என்று தவறாக நினைத்து ராணுவத்தினர் எண்பதுக்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டார்கள். அவர் இறந்தார். அந்த எண்ணிக்கை பாட்டுக்குள் வருகிறது. மூத்த நடிகை பெர்னாண்டா மோன்டெனெக்ரோ ஒரு பழைய கவிதையை அதில் வாசிக்கிறார். தனியாக இருக்கும்போது கேட்க வேண்டிய பாட்டு. 2020இல் இந்த ஆல்பத்துக்கு லத்தீன் கிராமி கிடைத்தது.

? அந்த அரங்கக் கச்சேரிக்கு அப்படி என்ன சிறப்பு? (மதுரை)

சாவோ பாலோவின் 'தியாட்ரோ முனிசிபல்' 1911இல் திறக்கப்பட்ட ஓபரா அரங்கம். காப்பிப் பணத்தில் செழித்த நகரம் தனக்குக் கட்டிக்கொண்ட கிரீடம். அந்தக் காப்பியை முதலில் விளைவித்த தலைமுறைகள் அடிமைகள். 2019 நவம்பர் 27 அன்று எமிசீடா 'அமரெலோ'வை அங்கே மேடையேற்றினார். அந்த மாதிரி இடத்துக்குள் அதற்கு முன் காலடி வைத்திராத பலர் அன்றைக்குத்தான் முதன்முறை அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் வாசற்படி. 1978 ஜூலை 7, ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கறுப்பின இளைஞர் காவல் சித்திரவதையில் இறந்திருந்தார். நான்கு கறுப்பினச் சிறுவர்களை ஒரு விளையாட்டு மன்றம் கைப்பந்து அணியில் சேர்க்க மறுத்திருந்தது. இவற்றை எதிர்த்து அந்த அரங்கத்தின் படிகளில் மக்கள் திரண்டார்கள். பிரேசிலின் ஒருங்கிணைந்த கறுப்பின இயக்கம் அங்கே பிறந்தது. உள்ளே போக வழியில்லாமல் அவர்கள் படியில் நின்றார்கள். 41 ஆண்டு கழித்து, கச்சேரியின் நடுவே எமிசீடா பாட்டை நிறுத்திவிட்டு, அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவைக்கு வந்திருந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். நரைத்த தலைகள் எழுந்தன. அரங்கம் முழுக்கக் கைதட்டியது. மேடையில் நின்றவர் அவர்களுக்கு நன்றி சொன்னார்.

நெட்ஃபிளிக்ஸில் 2020 டிசம்பரில் வந்த ஆவணப்படத்தில் இது இருக்கிறது. நான் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அந்த இடத்தில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

? அந்தப் படத்தில் ஒரு கொத்தனார் வருகிறாராமே? (காரைக்குடி)

கல் தச்சர். பெயர் தேபாஸ். 18ஆம் நூற்றாண்டில் அடிமையாக இருந்தவர். அன்றைய சாவோ பாலோ மண்சுவர் ஊர். கல் வேலை தெரிந்தவர்கள் மிகக் குறைவு, தேபாஸுக்குத் தெரிந்திருந்தது. தேவாலய முகப்புகளும் ஊருக்கான நீரூற்றும் அவர் கைவண்ணம். பின்னர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டார். அவரைக் கட்டடக் கலைஞர் என்று அந்தத் தொழிலின் சங்கம் 2018இல்தான் முறையாக ஏற்றது. இறந்து 200 ஆண்டு கழித்து ஒரு பட்டம். காரைக்குடியில் இருந்து கேட்கிற உங்களுக்கு, ஒரு வீட்டைக் கட்டியவன் பெயர் மறந்துபோவது எவ்வளவு எளிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

? இந்தப் பகுதிக்கு வைத்த தலைப்பு புரியவில்லையே? (அதே வாரத்தில் அச்சகத்திலிருந்தே வந்த கேள்வி)

எஷு, ஆப்பிரிக்காவின் யோருபா மக்களின் தெய்வம். நாற்சந்திகளுக்கு உரியவன். இன்று எறிந்த கல்லால் நேற்றே ஒரு பறவையை வீழ்த்தியவன் என்று அவனைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. படம் இதில்தான் தொடங்குகிறது. இன்றைக்குச் செய்யும் ஒன்று நேற்றைய நிகழ்ச்சியின் பொருளை மாற்றிவிட முடியும். 2019இல் அந்த முதியவர்கள் உள்ளே எழுந்து நின்றபோது, 1978இல் வெளியே நின்றதன் பொருள் மாறியது.

? குறையே இல்லாதவரா? (கடலூர்)

2013 ஆல்பத்தில் 'திரெபடெய்ரா' என்ற பாட்டு பெண்களை இழிவுபடுத்துகிறது என்று பெண்ணுரிமையாளர்கள் கடுமையாகச் சொன்னார்கள். என் கருத்தில் அவர்கள் சொன்னது சரி. இனிமையான சம்பா மெட்டு அந்த வரிகளுக்குச் சமாதானம் ஆகாது. 2025இல் தம்பியோடு பிரிவு ஏற்பட்டு வழக்கு வரை போனது. சேர்ந்து உறை மடித்த கைகள் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை.

? என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு இவரிடம் ஏதாவது உண்டா? (கும்பகோணம்)

உண்டு. 'அமோராஸ்', 2018இல் வந்த சித்திரக் கதை. மல்பெரி வகைப் பழங்கள் காய்த்த மரத்தடியில் ஓர் அப்பாவும் சின்ன மகளும். கறுத்த பழம்தான் அதிகம் இனிக்கும் என்கிறார் அப்பா. மகள் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. 2023இல் சால்வடோரில் ஒரு பள்ளியில் இருந்த பிரதியில், அதில் ஆப்பிரிக்க மரபின் தெய்வங்கள் வருவதைப் பொறுக்காத ஒரு தாய் பக்கம் பக்கமாகக் கிறுக்கி வைத்தார். பழம் கறுப்பு என்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சாமியும் கறுப்பு என்றதும் பேனா எடுத்துவிட்டார்கள்.

? மொழி தெரியாது. எதில் தொடங்குவது? (தென்காசி)

முதலில் ஆவணப்படம், அதில் எழுத்து ஓடும். பிறகு 'அமரெலோ'. பிறகு சம்பா கேட்க ஆசையானால், மூத்த தாள வித்தகர் வில்சன் தாஸ் நேவிஸோடு சேர்ந்து எழுதி, அவர் மறைவுக்குப் பிறகு ஜெகா பகோஜின்யோவோடு பாடிய நட்புப் பாட்டு.

கடைசியாக, 2015 ஆல்பத்தில் 'மாய்ங்' என்ற பாட்டு. மாய்ங் என்றால் அம்மா. சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளைகளைத் தனியாக வளர்த்த ஜசீரா, பின்னாளில் தன் வாழ்க்கையைத் தானே எழுதி 2018இல் நூலாக்கினார். 'கஃபே', அதாவது காப்பி, என்று அதற்குப் பெயர் வைத்தார். 2025 ஜூலையில் அறுபது வயதில் இறந்துபோனார். அந்தப் பாட்டை மகன் பாடி முடிக்கும்போது அவர் பேசத் தொடங்குகிறார். பாட்டு முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.